காகித அளவு இடைவெளி

கம்பம் ஏறுவது என் பிழைப்பு. ஓர் ஒப்பந்தக்காரரிடம் லைன் வேலை. பாகூர், அரியாங்குப்பம் பக்கம் வயல்கள் மனைகளாகிற இடங்களில் கம்பம் நடுவோம், கம்பி இழுப்போம், காற்றில் அறுந்ததைச் சேர்த்துக் கட்டுவோம். வாரம் முழுக்கக் கரண்டோடு கிடக்கிறவன் ஞாயிற்றுக்கிழமையும் சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியதுதான். என் மனைவி ஒன்றும் சொன்னதில்லை. வில்லியனூரில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. ஞாயிறு என்றால் துணி, மீன், மதியத் தூக்கம் என்று அவளுக்கும் அவள் நாள் இருந்தது.

ஆரம்பித்து வைத்தது ஒரு பழைய மைக்செட் ஆம்ப்ளிபயர். பாகூரில் ஒரு வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று மின் இணைப்பைப் பிரிக்கப் போயிருந்தோம். மாட்டுக் கொட்டகை மூலையில் அது கிடந்தது. வால்வு போட்ட காலத்துப் பெட்டி.

"எடுத்துனு போப்பா, எடத்த அடைக்குது" என்றார் வீட்டுக்காரர்.

வண்டியில் போட்டு எடுத்து வந்தேன். என் மனைவியின் தம்பி அதைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் திருவாண்டார்கோயில் பக்கம் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனி ஒன்றில் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் இருக்கிறான். குடியிருப்பது மதகடிப்பட்டில். வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"மாமா, வால்வெல்லாம் உயிரோடதான் கீது. ஒத்த வால்வு ஆம்ப் பண்லாம்."

அதுவரை எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வழக்கமான ஆம்ப்பில் இரண்டு வால்வுகள் ரம்பத்தின் இரு பக்கமும் நிற்கும் ஆட்களைப் போல மாறி மாறி இழுக்கும். ஒற்றை வால்வில் எல்லாவற்றையும் ஒன்றே இழுக்கும். சத்தம் குறைவுதான், ஆனால் கேட்டவர்கள் விடமாட்டார்கள் என்று போனில் எத்தனையோ பேர் பேசும் வீடியோக்களைக் காட்டினான். சிக்கல் வால்வில் இல்லை, டிரான்ஸ்பார்மரில் என்றும் அன்றே சொன்னான். வால்வு நேராக ஸ்பீக்கரை ஓட்டாது. நடுவில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேண்டும். பாட்டு முழுவதும் அந்த இரும்பைக் கடந்துதான் வெளியே வரவேண்டும்.

டிரான்ஸ்பார்மரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்தேன். ஆள் உயரத்து டிரான்ஸ்பார்மர்களைக் கம்பத்தில் ஏற்றியவன் நான். மைக்செட் பெட்டியிலேயே ஒரு தேங்காய் அளவுக்குக் கனமான அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருந்தது. அதையே போட்டோம். இரண்டு மூன்று ஞாயிறுகளில் ஒரு ஸ்பீக்கருக்கான பக்கம் மட்டும் தயாரானது. கோயில் திருவிழாவில் மச்சான் தன் போனில் பிடித்த பம்பை மேளச் சத்தத்தை அதில் ஓட விட்டான்.

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "இன்னாடா அது, டப்பாவ தட்றாங்களா?"

உண்மையில் அப்படித்தான் இருந்தது. பம்பையின் வயிறே இல்லை. வெறும் விளிம்பில் கம்பு படுகிற சத்தம் மட்டும் வந்தது. அத்தனை பெரிய இரும்பு இப்படிக் கைவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒயரிங்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"இது ரெண்டு வால்வுக்குச் சுத்துனது மாமா. ரெண்டு பக்கமும் இழுக்கறதால இரும்பு நடுவுல நிக்கும். நாம ஒரே பக்கமா கரண்ட வுடறோம். இரும்பு அதுலயே ரொம்பிப்போச்சு. பாட்டுக்கு எடம் இல்ல."

"அதுக்கு இன்னா பண்றது?"

"இரும்ப ரெண்டா பிரிச்சி நடுவுல ஒரு காயிதம் வெக்கணும்."

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். என் தொழிலில் டிரான்ஸ்பார்மர் இரும்பு இறுகி இருந்தால்தான் நல்லது. தளர்ந்தால் உறுமும், சூடாகும். நல்ல இரும்பைப் பிரித்துக் காகிதம் சொருகச் சொல்கிறவனை எந்த மேஸ்திரியும் அருகில் விடமாட்டார். ஆனால் அவன் போனில் காட்டிய படங்களிலும் அதே கதைதான். ஒற்றை வால்வுக்கென்றே இடைவெளி விட்டுச் செய்த டிரான்ஸ்பார்மர்கள் விற்பனைக்கும் இருந்தன. ஒரு ஜோடிக்கு ஆர்டர் போட்டோம்.

வந்த பார்சலைத் தூக்கியபோது இருவருக்கும் சந்தோஷம். கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு உறை, நான்கு பக்கமும் பளபளப்பான திருகு, அப்படி ஒரு கனம். கனத்தை வைத்துத்தான் இந்தப் பொருளை மதிப்பார்கள் என்று மச்சான் சொல்லியிருந்தான். மாட்டினோம். முதல் நிமிடங்களில் பம்பை கொஞ்சம் பரவாயில்லை போலத் தோன்றியது. பிறகு சத்தம் கம்மத் தொடங்கியது. ரோடு போடும் இடத்தில் வருமே, அந்த வாசனை வந்தது. உறையின் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்து, கீழே விரித்திருந்த செய்தித்தாளில் பரவியது.

அணைத்துவிட்டு, ஆறியதும், திருகுகளைக் கழற்றினோம். உறை வரவில்லை. ஹாக்சா பிளேடால் ஓர் ஓரத்தை அறுத்து மடக்கினேன். உள்ளே தார். தாரைச் சுரண்டினால் கருங்கல் ஜல்லி. கைவிரலால் ஒவ்வொரு ஜல்லியாகப் பிடுங்கி வெளியே வைத்தோம். கடைசியில் ஒரு மூலையில், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருப்பது போன்ற, எலுமிச்சை அளவு டிரான்ஸ்பார்மர் ஒன்று தாருக்குள் புதைந்திருந்தது.

மச்சான் ஒரு ஜல்லியைத் தரையில் தட்டிப் பார்த்தான். நாள் முழுக்கக் காயில் சுற்றுகிறவன் அவன். அவனும் நானும் அந்த ஜல்லியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஏமாற்றப்பட்ட கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு ஏதோ. ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து, ஜல்லியைச் சலித்து, அளவாக நிரப்பி, தாரைக் காய்ச்சி ஊற்றி, மேலே அழகாகப் பெயின்டும் அடித்திருக்கிறான். அந்த உழைப்பில் ஒரு டிரான்ஸ்பார்மரையே சுற்றியிருக்கலாம். விற்றவனின் நம்பர் அதற்குப் பிறகு எடுக்கப்படவே இல்லை.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு ஜல்லியை எடுத்து முகர்ந்துவிட்டு, "மாத்திரைல இப்படி பண்ணா ஆளு செத்துடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவதை நாமே சுற்றுவது என்று முடிவானது. மச்சான் தன் மேனேஜரிடம் கேட்டு, கழித்துப் போட்ட இரும்புத் தகடுகளை வாங்கி வந்தான். மெல்லிய கம்பியை ஒரு அடுக்கு, தடித்த கம்பியை ஒரு அடுக்கு, மறுபடி மெல்லியது என்று மாற்றி மாற்றிச் சுற்றினான். அப்படிச் சுற்றினால்தான் ஜால்ராவின் கூர் மழுங்காமல் வரும் என்றான். தகடுகளை இரண்டு பாதியாக எதிரெதிரே வைத்து நடுவில் காகிதம் கொடுத்து கிளாம்ப் போட்டு இறுக்குவது என் வேலை. எவ்வளவு தடிமனான காகிதம் என்பதை யாரும் சொல்ல முடியாது. கணக்கில் ஒன்று வரும், காதில் ஒன்று வரும். வைத்துக் கேட்டு, கழற்றி, வேறு வைத்துக் கேட்க வேண்டியதுதான்.

அந்த ஞாயிறு மதியம் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். பெட்டியைப் பலமுறை குப்புறவும் நிமிரவும் புரட்டியிருந்தோம். வால்வு ஆம்ப்பில் பெரிய கெப்பாசிட்டர்கள் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் அவற்றில் தேங்கி நிற்கும். அதை மெல்ல வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வடிவதற்குப் பொறுத்திருந்துதான் கை வைத்தேன். புரட்டிய புரட்டலில் அந்த ரெசிஸ்டரின் கால் உள்ளே ஒடிந்திருந்தது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

கிளாம்ப்பின் அடித்திருகு எட்ட வேண்டும் என்று இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் டிரான்ஸ்பார்மரைத் தூக்கினேன். விரல் அதன் கம்பி முனையில் பட்டது.

நெஞ்சில் உலக்கையால் ஓர் இடி. அதற்குப் பிறகு நான் சுவரோரம் கிடந்தேன். எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. கண் திறந்திருந்தது. மச்சான் என்னமோ கத்துகிறான், சத்தம் வரவில்லை. மூச்சை இழுக்க வேண்டும் என்று தெரிகிறது, எப்படி இழுப்பது என்று தெரியவில்லை. என் மனைவி மீன் அலசிக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்தாள். அவள் கையிலிருந்த செதில் என் கன்னத்தில் ஒட்டியதுதான் முதலில் எனக்கு உறைத்தது. அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

"சுச்ச அணைடா" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

"அணைச்சிதான்க்கா கீது. பிளக்கே வெளியதான் கீது."

அவள் திரும்பி பிளக்கைப் பார்த்தாள். அது சுவரிலிருந்து வெகுதூரத்தில் தரையில் கிடந்தது. அவள் முகம் மாறியதை நான் படுத்தபடியே பார்த்தேன். நான் விழுந்ததைப் பார்த்தபோது இருந்த பயம் வேறு, இது வேறு.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வலது கை விரலில் மட்டும் ஒரு மொச்சை அளவுக்குக் கருகியிருந்தது. சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். மச்சான் எங்கள் வீட்டிலேயே தங்கினான்.  பாய் விரித்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

"அணைச்சது எப்படிங்க அடிக்கும்?"

கெப்பாசிட்டரைப் பற்றிச் சொன்னேன். கரண்ட் போன பிறகும் உள்ளே தேங்கி இருக்கும் என்றேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"கல்யாணம் ஆனதுலேந்து நீங்க இன்னா சொல்லினு இருந்தீங்க? லைன ஆஃப் பண்ணிட்டுதான் ஏறுவோம், ஆஃப் பண்ணது ஒண்ணும் பண்ணாதுன்னு. நான் அத நம்பிதான் தெனம் கடைக்குப் போய் நின்னேன்."

 அவள் பயப்படாதவள் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். காலையில் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு ஒருநாளும் "பாத்து போங்க" என்றுகூடச் சொன்னதில்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்தை முழுசாக நம்பியதால்தான் அவள் அப்படி இருந்திருக்கிறாள். அது எனக்கு அந்த இடியைவிடப் பெரிய அடியாக இருந்தது.

பெட்டியை ஒரு சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். வேலைக்குத் திரும்பினேன். அவள் பேசினாள், சமைத்தாள், கடைக்குப் போனாள். ஆனால் நான் கிளம்பும்போது வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அரியாங்குப்பம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னால் புது மனைப்பிரிவு. அந்த வரிசையில் மண்டபத்தைத் தவிரக் குடிவந்த வீடு ஒன்றோ இரண்டோதான். காலையில் கம்பி தொய்ந்ததைச் சரிசெய்யப் போனோம். மேஸ்திரி டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். சின்ன லைனுக்கு அதுவே போதும் என்பது எங்கும் உள்ள வழக்கம். நான் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் ஒன்று மண்சாலையில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால், என் மனைவி. மருந்துக்கடையில் இருக்க வேண்டிய நேரம். எந்த இடத்தில் வேலை என்று காலையில் கேட்டு வைத்திருந்தாள்.

"இன்னாம்மா, எதுனா அவசரமா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றாள். பிறகு கம்பியை அண்ணாந்து பார்த்தாள். "ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பியூஸு என் கையிலதாம்மா கீது."

"அந்தக் கம்பில மிச்சம் எதுனா நின்னுனு இருக்காதாண்ணே?"

உடன் வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. எனக்கு முகம் சுட்டது. அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. வண்டியில் எர்த் செயின் கிடந்தது. பெரிய லைன் வேலைக்கு எடுத்துப் போவோம். ஒரு முனையைத் தரையில் அடித்த கம்பியில் கட்டி, மறுமுனையை எல்லாக் கம்பிகள் மேலும் படுமாறு போட்டால், மிச்சம் மீதி இருந்தால் தரைக்கு இறங்கிவிடும்.

"இரு, காட்றேன். ஒண்ணும் இல்லன்னு நீயே பாத்துட்டுப் போ" என்று, கழியால் அந்தச் செயினைத் தூக்கிக் கம்பிகள் மேல் போட்டேன்.

நீல வெளிச்சம் கண்ணை அடித்தது. வெடி போட்ட மாதிரி சத்தம். செயின் துள்ளிக் கீழே விழுந்தது. மண்டபத்துக்குப் பின்னால் எதுவோ முக்கி முனகி அடங்கியது. அதுவரை காதில் விழுந்துகொண்டிருந்த நாதஸ்வர ரெக்கார்டு பாதியில் நின்றுபோனது. அப்போதுதான் அது அவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருந்ததே எங்களுக்கு உறைத்தது. கரண்டை நாங்கள் பிடுங்கியிருந்தோம். பிறகு மண்டபத்தில் ரெக்கார்டு எதில் ஓடியது?

ஜெனரேட்டரில். மாற்றுச் சுவிட்ச் கெட்டுப்போனதால், யாரோ அவசரத்துக்கு ஜெனரேட்டரை நேராக மண்டபத்து ஒயரில் கொடுத்திருக்கிறார்கள். அது மண்டபத்துக்கும் போய், மீட்டர் வழியாகப் பின்னோக்கி எங்கள் கம்பிக்கும் வந்து நின்றிருந்தது. நான் பெல்ட்டைக் கட்டி முடித்திருந்தால் அதைத்தான் பிடித்திருப்பேன்.

மேஸ்திரி கையில் பியூஸோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. மண்டபத்து ஆள் ஒருவர் ஓடிவந்து "இன்னா ஆச்சுண்ணே, ஜெனரேட்டர் நின்னுபோச்சு" என்று எங்களையே கேட்டார். மேஸ்திரி கையிலிருந்த பியூஸை அவருக்கு நேரே தூக்கிக் காட்டினார். என் மனைவி ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. "நான் சொன்னேனே" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவளும் வெறுமனே கேட்கத்தான் வந்திருந்தாள். உண்மையிலேயே கம்பியில் கரண்ட் இருக்கும் என்று அவளும் நினைக்கவில்லை.

ஜெனரேட்டரைப் பிரித்துவிட்டு வந்து, மறுபடி செயினைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏறினேன். வேலையை முடிக்காமல் வர முடியாது.  அவள் நான் இறங்கும்வரை நின்றாள். பிறகு, "கடைக்கு லேட்டாச்சு" என்று கிளம்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் வண்டியில் சின்ன லைனுக்கென்றே ஒரு செயின் இருக்கிறது. எடுத்துப் போடு என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னது அவள்தான். "பாதில கெடந்தா அதையே நெனச்சினு கீறேன். முடிச்சிடுங்க. நானும் கூட இருக்கறேன்" என்றாள். மச்சானை வரச்சொல்லி அவளே போன் செய்தாள்.

ஒடிந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, இரண்டு ரெசிஸ்டர்கள் தனித்தனியாகப் போட்டோம். ஒன்று ஒடிந்தாலும் மற்றது வடிக்கும். அதற்கு மேலும் மீட்டரின் முனைகளைக் கெப்பாசிட்டரில் மாட்டி, மீட்டரை அவளிடம் கொடுத்தோம். அணைத்ததும் அவள் எண்களை உரக்க வாசிப்பாள். அவள் "சைபர்" என்று சொன்ன பிறகுதான் நாங்கள் கையை நீட்டுவோம். சில சமயம் சைபர் வந்த பிறகும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை மறுபடி தொடங்கியது. அட்டை வைத்தால் பம்பையின் சத்தமே குறுகிப்போனது. பிள்ளைகள் எழுதும் தாள் வைத்தால் பழையபடி டப்பா. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று மச்சான் தேடியபோது, அவள் தன் கைப்பையிலிருந்து மாத்திரை போட்டுக் கொடுக்கும் பழுப்புக் கவர் ஒன்றை எடுத்துக் கிழித்துக் கொடுத்தாள். ஒற்றையாக வைத்தோம், போதவில்லை. மடித்து வைத்து இறுக்கினோம்.

சுவிட்சைப் போட்டு, வால்வு சூடாகும்வரை காத்திருந்தோம். பம்பை வந்தது. அதன் அடிவயிறு வந்தது. தரையிலிருந்து நேராக என் நெஞ்சுக்குள் ஏறி இடித்தது. நான் எழுந்து வெளியே ஓடிவிட்டேன்.

குழாயடியில் போய் நின்றேன். அதே இடத்தில், நெஞ்செலும்பின் கீழே, அன்று விழுந்த இடியை உடம்பு மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை ஞாயிறுகளாக எதைத் தேடினோமோ அது வந்தபோது என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. உள்ளே மச்சான் "அக்கா, கேட்டியா? கம்பு தோல்ல படறதுக்கு முந்தி அடிக்கறவன் மூச்சு இழுக்கறது கூட கேக்குது" என்று சொல்வது காதில் விழுந்தது. அவள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். பிறகு கதவருகே வந்து நின்றாள்.

"உள்ள வரீங்களா, நிறுத்திடட்டுமா?"

"ஓடட்டும். இங்கேந்தே கேக்கறேன்" என்றேன்.

அவளும் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். இருவரும் குழாயடியிலிருந்தே அந்த ரெக்கார்டை முழுதும் கேட்டோம்.

இரண்டாவது பக்கத்துக்கான டிரான்ஸ்பார்மரையும் மச்சான் சுற்றினான். அதே தகடு, அதே கம்பி, அதே கவர் காகிதம். ஆனாலும் இடது பக்கம் ஒரு மயிரிழை கூடுதலாகவே பேசுகிறது. கழற்றிச் சரிசெய்யலாம் என்கிறான். இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். பம்பையை நான் இன்னும் சத்தமாக வைப்பதில்லை. பேச்சு, வாய்ப்பாட்டு, புல்லாங்குழல் என்று மெல்லக் கேட்கிறோம். என் மனைவி எப்போதும் வலது பக்கமாக உட்காருகிறாள். அங்கே உட்கார்ந்தால்தான் இரண்டும் சமமாகக் கேட்கிறதாம்.